ஷஹீதென்றால் கொன்றது யார்?

பிரசவத்தில் மரணிக்கும் பெண் ஷஹீத் என்பது நம்மவர்களில் ஓதத் தெரியாதவருக்கும் தெரிந்த செய்தி. யுத்தகளத்தில் கொல்லப்படுவோர் தவிர ஷஹீத்களின் கூலியைப் பெறுவோர் இன்னும் எழுவர் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் முவத்தாவிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது. கொள்ளைநோயில் மாண்டவர், நீரில் மூழ்கியவர், விலாநோய் கண்டவர், வயிற்று நோயாளி, தீயில் கருகியவர், இடிந்து விழுந்ததன் அடியில் அகப்பட்டவர் ஆகியோரோடு, வயிற்றுப் பிள்ளையோடு மரணிக்கும் பெண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். பெண்ணின் மரணத்துக்கு எந்தப் பெறுமதியும் தராத ஒரு காலத்தில் அவளது வேதனையைப் போர்வீரனின் வேதனைக்குப் பக்கத்தில் வைத்த வார்த்தை அது. அதன் மகத்துவத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கேள்வி, அந்த வார்த்தையை நாம் எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்பது பற்றியது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இந்த வார்த்தை ஜனாஸா வீடுகளில் அடிக்கடி சொல்லப்பட்ட காலம் ஒன்றிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது பிள்ளைக்குத் தாயாகவிருந்த ஒரு பெண் பிரசவத்தின் பின் இரத்தம் நிற்காமல் மௌத்தானாள். திருகோணமலைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். லோஞ்ச் விடிந்த பிறகுதான். அந்த நாட்களில் இரவில் கடலில் இறங்குவது நோயாளிக்கு மட்டுமல்ல, கொண்டுபோகிறவர்களுக்கும் சாவைத் தேடிப் போவதுதான். தரைவழி என்றால் துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். இரவில் அதுவும் இல்லை. சுபஹுக்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. மையித்து வீட்டில் பெரியவர்கள் அந்த ஹதீஸைச் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். எல்லோரும் தலையசைத்தோம். இறந்தவளின் மூத்தம்மா மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவ கேட்டா:

"ஷஹீது எண்டு சொல்றீங்க. ஷஹீதெண்டா கொண்டவன் ஒருத்தன் இரிக்கணுமே. என்ட புள்ளயக் கொண்டது ஆரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் பேசுகிறா என்று விட்டுவிட்டோம். எழுத்தறிவில்லாத அந்தக் கிழவி கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை இது பற்றிய எந்தப் பிரசங்கத்திலும் நான் இதுவரை கேட்டதில்லை.

மார்க்கம் தெரிந்தவர் ஒருவர் இதற்கு இலகுவாகப் பதில் சொல்லிவிடலாம். ஹதீஸில் வரும் எழுவருக்கும் கொன்றவன் என்று எவனும் இல்லை. நீரும் நெருப்பும் நோயும்தான் காரணங்கள். இது மறுமைக்குரிய அந்தஸ்தே தவிர உலக வழக்கல்ல. சரி. ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். நீரில் மூழ்கியவர் ஷஹீத் என்பதற்காக எந்த மீனவனும் ஓட்டை அடைக்காத தோணியில் மகனை அனுப்புவதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன மூதூர், கிண்ணியா மக்களை ஷஹீத்கள் என்றே நாம் துஆச் செய்கிறோம். அதற்காகச் சுனாமி எச்சரிக்கை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. இடிபாட்டில் இறந்தவர் ஷஹீத் என்பதால் கொத்தனார் சீமெந்தைக் குறைத்துப் போடலாம் என்று எந்த மௌலவியும் பத்வா தரமாட்டார். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அவர்கள் படையோடு உள்ளே போகாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரழி) கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி சொன்னதை நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆறு பேர் விடயத்தில் காரணத்தைத் தேடுகிற நாம், ஏழாமவளான பெண்ணின் விடயத்தில் மட்டும் ஷஹாதத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஆறுதலாக வந்த வார்த்தை அங்கே வாயடைக்கும் வார்த்தையாகிவிடுகிறது.

மூத்தம்மாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைபறிச்சான் வரை போகலாம். மூதூரிலிருந்து சம்பூர் போகும் வீதியில், சில கிலோமீற்றர் தூரத்தில், பாலத்தோடு இருக்கும் தமிழ்க் கிராமம் அது. அதை ஒட்டிச் சேனையூர். அப்பால் கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சம்பூர். 2002இன் யுத்தநிறுத்தக் காலத்தில் இராணுவக் கட்டுப்பாட்டின் கடைசி முகாம்களில் ஒன்று கட்டைபறிச்சானில் இருந்தது. அதைத் தாண்டினால் புலிகளின் பிரதேசம். ஒரு கர்ப்பிணி, தமிழச்சியோ முஸ்லிமோ, அந்த வீதியால் வருவதென்றால் இரண்டு துவக்குகளுக்கு விளக்கம் சொல்லி வரவேண்டும். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுவீச்சு. ஓகஸ்ட் முதல் வாரம் மூதூருக்குள் புலிகள் வந்தார்கள். இராணுவம் ஷெல் அடித்தது. ஜனங்கள் தஞ்சம் புகுந்த பாடசாலைகள் மீதும் ஷெல் விழுந்தது, வைத்தியசாலையும் தப்பவில்லை. முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் கால்நடையாகக் கந்தளாய்க்குப் போனோம். கிராந்திமுனையில் இளைஞர்கள் பிரித்தெடுக்கப்பட்டதை இன்னமும் மறக்கவில்லை. அதே ஓகஸ்ட் 4இல், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனத்தின் ஊழியர்கள் பதினேழு பேர் மூதூரில் தங்கள் அலுவலக வளவுக்குள் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்குக் குடிநீர் கொடுக்க வந்த வேலையாட்கள் அவர்கள். மூதூர் கிழக்கின் தமிழர்களோ மறுபக்கமாக ஈச்சிலம்பற்று, வாகரை என்று ஓடினார்கள். செப்டம்பர் 4இல் சம்பூர் இராணுவத்தின் வசமானது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம், பிறகு அனல் மின்நிலையத்துக்கான காணி. சம்பூர்வாசிகள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் ஏறக்குறையப் பத்து வருடம் இருந்துவிட்டு, 2015இலும் 2016இலும்தான் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது.

இரு பக்கமும் ஓடியவர்களில் நிறைமாதப் பெண்களும் இருந்தார்கள். இதைச் சொல்வதற்கு எந்தப் புள்ளிவிபரமும் தேவையில்லை. ஆயிரக்கணக்கில் மக்கள் நடக்கும்போது அதில் கர்ப்பிணிகளும் நடப்பார்கள். பிள்ளை நாள் பார்த்து வருவதில்லை. எங்கள் பெண்கள் கந்தளாயில், சிங்களத் தாதிகளின் கைகளில் பெற்றார்கள். அவர்களின் பெண்கள் வாகரைக் காட்டில் பெற்றார்கள். அந்த ஓகஸ்டில் கொட்டியாரத்தின் எந்தத் தாயும் தன்னூரில், தனக்குத் தெரிந்த கையில் பெறவில்லை. நம் இலக்கியத்தில் இந்த இடப்பெயர்வு பற்றி எத்தனையோ கவிதைகள் வந்துவிட்டன. இந்த ஒரு விடயம் அவற்றில் அதிகம் இல்லை.

மகப்பேற்று மரணங்களை ஆராய்ந்தவர்கள் அவற்றின் பின்னால் மூன்று தாமதங்களைக் கண்டார்கள். செரீன் தடியஸும் டெபோரா மேனும் 1994இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு இது உலகெங்கும் பழக்கமான கணக்கு. வைத்தியசாலைக்குப் போவோம் என்று முடிவெடுப்பதில் முதல் தாமதம். அங்கே போய்ச் சேருவதில் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. பிரசவத்தின் பின் கடுமையாக இரத்தம் போகத் தொடங்கினால், கவனிக்காவிட்டால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். எங்கள் ஒழுங்கைப் பெண்ணுக்கு விடியும்வரை காத்திருக்கச் சொன்னபோது அவளிடம் அந்த இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது.

இந்தக் கணக்கில் யுத்தம் இரண்டாவது தாமதத்தைத்தான் கண்ணுக்குத் தெரியும்படி பெருப்பித்தது. அது பெருமளவு தீர்ந்தும் விட்டது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். ஏறக்குறைய நானூறு மீற்றர் நீளம், சவூதி நிதி. அதன் பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வாகனத்தில் ஒரே மூச்சில் போகலாம் என்பது என் வாப்பாவின் தலைமுறைக்குக் கனவு. அம்புலன்சும் வந்தது. இந்தியாவின் உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதற்கும் விரிந்த சுவசெரிய சேவைக்குக் காசில்லை. அழைக்க வேண்டிய இலக்கம் 1990. அந்த எண்ணைத் தெரிவு செய்தவர்களுக்கு வடகிழக்கு முஸ்லிமின் காதில் அது எப்படி விழும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசலும் வடக்கிலிருந்தான வெளியேற்றமும் நடந்த ஆண்டை, பேறுகாலத்தில் உயிர்காக்கும் இலக்கமாக நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும். நல்லதுதான்.

மூன்றாவது தாமதந்தான் பேசப்படாதது. யுத்தமும் சுனாமியும் முடிந்தபின் நமது பகுதிக்கு வந்த உதவிகளில் பெரும்பங்கு கட்டடமாகவே வந்தது. கட்டடத்தைப் படம் பிடிக்கலாம். நாடா வெட்டலாம். சுவரில் கல் பதிக்கலாம். நன்கொடை தந்தவரின் பெயரும் திறந்துவைத்தவரின் பெயரும் அதில் இருக்கும். ஆனால் பிரசவ விடுதி என்பது சுவரல்ல. கிராமத்து வைத்தியசாலை ஒன்றில் ஒரு தாய் இரத்தப்போக்கால் சாகாமலிருக்க என்ன வேண்டும்? கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிரோசின் மருந்து வேண்டும். அதைக் குளிரூட்டியில் இரண்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போகிற ஊரில், வெயிலில் கிடந்த அந்த மருந்து பெயருக்குத்தான் மருந்து; ஊசி போட்டதாகப் பதிவில் இருக்கும், இரத்தம் நிற்காது. வலிப்பு வந்தவளுக்கு மக்னீசியம் சல்பேற்று, அதைப் போடப் பயந்துவிடாத ஒரு தாதி. இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் ஒரு மருத்துவமாது. அறுவைச் சிகிச்சைக்கும் இரத்தமேற்றவும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு எப்போது அனுப்புவது என்று தயங்காமல் முடிவெடுக்கும் ஒரு வைத்தியர், அவர் இடமாற்றம் கேட்டுப் போன பிறகு அந்தக் கதிரைக்கு இன்னொருவர். இவற்றில் எதையும் ஒருமுறை கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு மாதமும் கொடுக்க வேண்டும். எவரும் கல் பதிக்காத செலவு இது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டுப் போனபோது முதலில் இருண்டவை இப்படிப்பட்ட ஊர்களின் அறைகள்தாம். கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸதகத்துல் ஜாரியா என்று நாம் கட்டடத்தைத்தான் நினைக்கிறோம். முன்னோர் அப்படி நினைக்கவில்லை. நூருத்தீன் ஸங்கி 1154இல் திமிஷ்கில் நிறுவிய மருத்துவமனைக்கும், சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் நிறுவியதற்கும் பின்னால் இருந்தது வக்ஃப். கடைகள், காணிகள், அவற்றின் வாடகை. அந்த வருமானத்தில் மருந்தும் உணவும் வைத்தியர் சம்பளமும் படுக்கை விரிப்பும். கலாவூனின் வக்ஃப் பத்திரம் ஏழை, பணக்காரர், ஆண், பெண், ஊரவர், வெளியூரவர் என்று எவரையும் விலக்காமல் நோயாளியை ஏற்கச் சொல்கிறது. கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் தானம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் மருத்துவமனை செத்துவிடும் என்று அந்த மம்லூக் சுல்தானுக்குத் தெரிந்திருந்தது. நம் காலத்துத் திட்ட முகாமையாளர்களுக்குத் தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை.

மூத்தம்மாவின் கேள்விக்குப் பிக்ஹில் ஒரு பதில் உண்டென்றால் அது பர்ளு கிபாயாவாகத்தான் இருக்கும். ஊரில் சிலர் செய்தால் எல்லோரின் கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஜனாஸாத் தொழுகைக்கு இதை நாம் ஒருபோதும் மறப்பதில்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவின் அறிவு பற்றிய பாகத்தில் மருத்துவத்தையும் பர்ளு கிபாயா என்றே சொல்கிறார். அதோடு நிற்காமல், பல ஊர்களில் முஸ்லிமல்லாத வைத்தியர்களே இருக்கிறார்கள், ஆனாலும் மருத்துவம் படிக்க ஆளில்லை, எல்லோரும் சட்டமும் விவாதமும் படிக்க ஓடுகிறார்கள், ஏனென்றால் அதில்தான் பதவியும் வக்ஃப் நிர்வாகமும் கிடைக்கிறது என்று சலித்துக்கொள்கிறார். ஒன்பது நூற்றாண்டு பழைய சலிப்பு. பெயரை மாற்றினால் நேற்றுப் பேசியது போலிருக்கும்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆண் வைத்தியர் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவளது வெட்கத்தை மதிப்பது சரிதான். ஆனால் அதே மனிதர் தன் மகளை மருத்துவமாதுப் பயிற்சிக்கு அனுப்பமாட்டார். இரவுக் கடமை, சீருடை, வெளியூர், கல்யாணச் சந்தை. அப்போ பெண் வைத்தியர் எங்கிருந்து வருவார்? வேறொருவரின் மகளாக இருக்க வேண்டும். வேறொரு சமூகத்தின் மகளாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் இரவில் போய்வருவது பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதை நான் பேணுதல் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். நமது பேணுதலின் கூலியை அடுத்த வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டுவது அது.

இந்த வழியில் கடைசிவரை போனால் எங்கே சேருவோம் என்பதையும் நம் காலம் காட்டிவிட்டது. 2002இல் ஆப்கானிஸ்தானின் பதக்ஷானில் மலைப்பிரதேசம் ஒன்றில் கணக்கெடுத்தபோது ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குச் சுமார் 6,500 தாய்மார் இறப்பதாகக் கண்டார்கள். எழுதப்பட்ட கணக்குகளில் மிக மோசமானவற்றுள் ஒன்று. பிறகு வந்த ஆண்டுகளில் அந்த நாடு கிராமத்துப் பெண்களையே தேர்ந்து மருத்துவமாதுகளாகப் பயிற்றுவித்தது. மரணங்கள் குறையத் தொடங்கின. 2024 டிசம்பரில் தலிபான் நிர்வாகம் பெண்கள் மருத்துவமாதுப் பயிற்சியும் தாதியர் பயிற்சியும் பெறுவதைத் தடுத்தது. பெண்ணை ஆண் தொடக்கூடாது, தொடக்கூடிய பெண்ணையும் உருவாக்கக்கூடாது. இதன் பொருளென்ன என்று இமாம் கஸ்ஸாலியிடம் கேட்கத் தேவையில்லை. எங்கள் மூத்தம்மாவிடம் கேட்டிருந்தாலே போதும்.

நமது நாடு நேரெதிரான வழியால் வந்தது. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு, அதிலிருந்து வீடு வீடாகப் போகும் குடும்பநல மருத்துவமாதுகள். 1930களில் ஒரு லட்சத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேலாக இருந்த தாய் மரணம் இன்று முப்பதின் அளவில் நிற்கிறது. பெரிய யந்திரம் எதுவும் இதைச் செய்யவில்லை. கொப்பியும் பையுமாய், முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த பெண்கள் செய்தது. முப்பது வருட யுத்தம் கொட்டியாரத்தில் உடைத்தது அந்த ஸ்கூட்டரின் பாதையைத்தான். திரும்பக் கட்ட வேண்டியதும் அதுவே.

பர்ளு கிபாயாவில் 'ஊர்' என்றால் எது? பள்ளிவாசல் பாங்கு கேட்கிற எல்லையா? மூதூர் முஸ்லிம்களின் கடமை கட்டைபறிச்சான் பாலத்தோடு நின்றுவிடுமா? கேட்க இலகுவான கேள்வி. 2003இன் கலவரத்தையும் 2006ஐயும் பார்த்தவர்களிடம் அதற்கு இலகுவான பதில் இல்லை. அவர்களும் நம்மைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆனால் மூதூர்த் தள வைத்தியசாலையின் பிரசவ விடுதிக்குள் இந்தக் கேள்விக்குத் தினமும் ஒரு பதில் கொடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சம்பூரிலிருந்து வந்தவளும் தோப்பூரிலிருந்து வந்தவளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறார்கள். நோவுக்கு இரு சாராரும் சொல்லும் சொல் ஒன்று. தெற்கிலிருந்து புதிதாக வந்த வைத்தியருக்கு அந்தச் சொல் விளங்காதபோது தமிழ்த் தாதி முஸ்லிம் பெண்ணுக்காகவும் மொழிபெயர்க்கிறாள்.

மனித உடல் வேறெங்கும் இவ்வளவு நிராதரவாக இன்னொருவர் கையில் ஒப்படைக்கப்படுவதில்லை. அமானத் என்ற சொல்லின் முழுப்பாரத்தையும் நான் உணருவது அங்கேதான். அந்த அமானத்தை உடைப்பது எவ்வளவு இலகு என்பதையும் கண்டோம். 2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலையின் மருத்துவர் ஷாபி ஷிஹாப்தீன், சிங்களப் பெண்களுக்குச் சிசேரியனின்போது இரகசியமாகக் கருத்தடை செய்ததாகப் பத்திரிகையொன்று கிளப்பிய கதையின் பின்னணியில் கைதானார். அதற்கு ஆதாரம் இல்லையென்று புலனாய்வாளர்களே நீதிமன்றில் சொன்னார்கள்; பின்னர் அவர் பணிக்குத் திரும்பினார். ஒரு மனிதருக்கு நடந்த அநியாயம் என்று மட்டும் அதைப் பார்த்தால் போதாது. அந்த மாதங்களில் எத்தனை சிங்களத் தாய்மார் ஒரு முஸ்லிம் வைத்தியரைக் கண்டு பயந்திருப்பார்கள்? எத்தனை முஸ்லிம் தாய்மார் வைத்தியசாலைக்குப் போகவே கூசியிருப்பார்கள்? முதல் தாமதம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இப்படியும் உண்டாகும். சந்தேகம் ஒரு பெண்ணை வீட்டுக்குள் இருத்திவைத்தால், அவளது இரண்டு மணித்தியாலத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

உமர் (ரழி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு சம்பவம் வரும். இரவு ரோந்தில் மதீனாவுக்கு வெளியே ஒரு கூடாரம். வாசலில் யாரோ ஒரு நாட்டுப்புறத்தான். உள்ளே பிரசவ வேதனையில் அவன் மனைவி. உதவிக்கு ஒரு பெண்ணும் இல்லை. கலீபா வீட்டுக்குப் போய்த் தன் மனைவி உம்மு குல்தூமை எழுப்பிக் கூட்டிவந்தார். மாவும் கொழுப்பும் தோளில் சுமந்து வந்தார். அவ உள்ளே பிரசவம் பார்க்க, இவர் வெளியே அடுப்பூதிச் சமைத்தார். அந்த மனிதனுக்கு இவர் யாரென்று தெரியாது. நம் மேடைகளில் இதைக் கலீபாவின் பணிவுக்கு உதாரணமாகவே சொல்வார்கள். எனக்கு உறைப்பது வேறு. நகருக்கு வெளியே, தன் கோத்திரமல்லாத, பெயர் தெரியாத ஒருத்தியின் நோவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அதற்கு மாளிகையிலிருந்து உத்தரவு அனுப்பவில்லை, பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுபோனார். ஆட்சியாளர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. அவரோ அதை இழிவாக நினைக்கவில்லை.

இலங்கையில் 1980களிலிருந்து ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எந்த மூலையில் ஒரு தாய் இறந்தாலும் அது அறிவிக்கப்பட்டு, பிறகு வைத்தியர்களும் மருத்துவமாதுகளும் அதிகாரிகளும் கூடியிருந்து ஏன் இறந்தாள் என்று படிப்படியாகக் கேட்பார்கள். எப்போது நோவு தொடங்கியது, யாரிடம் சொன்னாள், வாகனம் எப்போது வந்தது, எந்த நிமிடத்தில் எந்த மருந்து. குற்றவாளியைப் பிடிப்பது நோக்கமல்ல, அடுத்தவள் இறக்காமலிருப்பதுதான். அந்தக் கூட்டத்தில் ஹதீஸ் ஓதப்படுவதில்லை. ஆனால் அந்த எழுவரில் ஏழாமவளுக்கு உரிய மரியாதையை அங்கே நான் காண்கிறேன். மூத்தம்மா அன்று மையித்து வீட்டில் நடத்த முயன்றது இதே விசாரணையைத்தான். அவவுக்குக் கிடைத்தது ஆமீன் மட்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. காரணம் தேடிக்கொண்டே போனால் கழா கத்ர் மீதான நம்பிக்கை தளர்ந்துவிடாதா, துக்கப்படும் குடும்பத்துக்கு இருக்கும் ஒரேயொரு ஆறுதலையும் பறிக்கிறாயா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம். பிள்ளையை இழந்த தாயிடம் போய் மூன்று தாமதம் பேசுகிறவன் மூடன். ஆறுதல் இறந்தவளின் வீட்டுக்குரியது. மற்ற வீடுகள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கப் போவதுதான் என் முறைப்பாடு. விதியை அந்த வீட்டார் சொன்னால் அது சபூர். நாம் சொன்னால் அது பெரும்பாலும் சாட்டு.

கடைசியாக ஒரு சின்ன விடயம். கட்டைபறிச்சான் பக்கத்தில் நடு இரவில் ஒரு தாய்க்கு நோவெடுத்து, அம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தால், ஓட்டோவுக்குக் காசு யார் கொடுப்பது? மூதூர்ப் பள்ளிவாசல்களில் ஸகாத் சேர்கிறது. அதில் எடுத்து முஸ்லிமல்லாத ஒரு தாயின் பயணத்துக்குக் கொடுக்கலாமா என்று எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் கேட்டேன். ஸகாத்தில் கூடாது என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து, ஷாபிஈ மத்ஹபும் அதுதான் என்றார். ஸதகாவில் தாராளமாகக் கொடுக்கலாம். வக்ஃபிலும் கொடுக்கலாம், எழுதுகிறவர் அப்படி எழுதினால். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் ஒரு கடையையோ இரண்டு ஏக்கர் வயலையோ இதற்கென்றே எழுதிவைக்க முடியும். வாடகையில் ஓட்டோவும் நிற்கும், குளிரூட்டிக்கு ஒரு ஜெனரேட்டரும் ஓடும்.

"மார்க்கத்தில தடையில்ல தம்பி," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வயலை எழுதித் தர ஆள் இரிக்கா?"